உறை பிரிக்காத புத்தகம்

"ஜூன் 12. நூலகர் பாக்கியநாதனைச் சந்தேகப்பட்டது என் தவறு" என்று காயத்ரி நாட்குறிப்பில் எழுதினாள்.

தம்பி ஜெகன் ராணுவப் பயிற்சிக்குக் கிளம்புமுன், போரை உள்ளபடி சொல்லும் ஒரு புத்தகத்தையாவது தான் படித்துவிட வேண்டும் என்பது அவள் எண்ணம். கிளை நூலகத்தில் எடுத்த இரண்டு சிப்பாய் நினைவுக் குறிப்புகளிலும், வீரம் பேசும் இடமெல்லாம் யாரோ பென்சிலால் "பொய்" என்று எழுதியிருந்தார்கள்.

"இன்னா சார், நீங்க எழுதுனதா?" என்று இன்று நூலகரிடம் கேட்டே விட்டாள்.

"எனக்குக் கண்ணே செரியா தெர்லம்மா. கடையில புச்சா வாங்கிக்கோ."

சிப்காட் கம்பெனி வேலையும் மாலை வகுப்பும் முடிந்து, பிளாஸ்டிக் உறை பிரிக்காத புத்தகமாகப் பார்த்து வாங்கினாள். வீட்டுக்கு வந்துதான் உறையைக் கிழித்தாள். பதுங்குகுழியில் ஒருவன் அம்மாவை நினைத்து அழும் பக்கத்தில், பென்சிலால் "நெஜம்" என்று எழுதியிருந்தது. நூலகப் புத்தகங்களில் பார்த்த அதே கையெழுத்து; எழுத்துகள் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. 'ஜ'வின் வால் வட்டமாகச் சுழித்திருந்தது.

கூடத்தில் ஜெகன் தன் டிரங்குப் பெட்டிமேல் இடது கையால் பெயர் எழுதிக்கொண்டிருந்தான். அதே சாய்வு. அதே சுழி.

"டேய், இத நீ படிச்சியா?"

"புக்கா? நானா? போக்கா, பேஜாரு பண்ணிக்கினு."

அவள் மறுபடி நாட்குறிப்பை எடுத்தாள்.

"நாளை: ரயில் ஏறுமுன் ஜெகனை, அவன் இன்னும் எழுதாத அந்தச் சொல் இருக்கும் பக்கத்தைப் படிக்க வைக்க வேண்டும்."