இன்னும் ஒரு வேலை

"முடிஞ்சுது பாய்! உங்க பழைய சஃபாரி காரு இனிமே கல்வராயன் மலையில ரோடே இல்லாத எடத்துலயும் ஏறும்" என்றார் தட்டாஞ்சாவடி மெக்கானிக் சாமிக்கண்ணு.

ஷஹாபுதீன் குனிந்து வண்டியை ஒரு சுற்று பார்த்தார். பக்கத்தில் மனைவி சுரையா பயணப் பையோடு நிற்கிறாள். இன்று கிளம்பினால் மானம் கப்பலேறிவிடும்.

"பெரிய டயரு?" என்று கேட்டார் ஷஹாபுதீன்.

"காயலான் கடையில சல்லிசா புடிச்சு மாட்டியாச்சு."

"அடியில தகடு?"

"போட்டாச்சு. ரெண்டு வருஷமா நீங்க சொன்னதெல்லாம் போட்டாச்சு."

"ஹாரன்... ஹாரன் சத்தம் பத்தலயே!" ஷஹாபுதீனின் குரல் கெஞ்சியது.

சுரையா சாவியை வாங்கி, ஸ்டியரிங் முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"நீங்க அந்தப் பக்கம் ஏறுங்க. ஓட்டத் தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டு நீங்க ஒவ்வொரு வேலையா இழுத்தீங்க. அதுக்குள்ள நான் லைசென்ஸே எடுத்துட்டேன்."