மீன் எப்படிக் கத்தும்?

“மேடம், ரயிலு கூவும், நாய் குரைக்கும், அத்தனையும் என் தொண்டையில வரும். மீன் எப்படி மேடம் கத்தும்?”

ரஞ்சிதா தலையில் அடித்துக்கொண்டாள். ஓசூர் சிப்காட் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் அவள் விலங்கியல் ஆசிரியை. “பவளப்பாறை மீன்களோட மிமிக்ரி பத்திப் பேச ஒருத்தர் வேணும் சார்” என்றுதான் தாளாளர் கோவிந்தப்பனிடம் கேட்டாள். அந்த மனுஷன் காதில் ‘மிமிக்ரி’ மட்டும்தான் விழுந்திருக்கிறது. சிங்காரப்பேட்டையிலிருந்து பலகுரல் கலைஞர் கரியப்பன் வந்து நிற்கிறார்.

“உங்களை யாருங்க வரச் சொன்னது?”

“தாளாளர் ஐயாதாங்க. நேத்துகூடப் போன்ல ரொம்ப நேரம் பேசினாரு.”

“கடவுளே! இது குரல் இல்லங்க, வேஷம்! கடல்ல ஒரு சின்ன மீன் இருக்கு. பெரிய மீனுங்க அதுக்கு வாயைத் திறந்து காட்டும். இது உள்ள பூந்து ஒட்டுண்ணியைத் தின்னு சுத்தம் பண்ணும். அதே நிறத்துல, அதே மாதிரி ஆடிக்கிட்டு இன்னொண்ணு வரும். நம்ம ஆளுதானேன்னு பெரிய மீன் சும்மா நிக்கும். வந்தது வெடுக்குனு துடுப்பைக் கடிச்சிட்டு ஓடிடும். புரியுதா?”

“அட, பலே கில்லாடியா இருக்கே!” கரியப்பன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். “நீங்களே பேசலாமே மேடம்?”

“மைக்கைப் பார்த்தா எனக்கு நாக்கு ஒட்டிக்கும். அதனாலதானே ஆளே கேட்டேன்! அரங்கம் பூரா பெத்தவங்க உட்கார்ந்திருக்காங்க. இன்னிக்குச் சொதப்பினா அறிவியல் மன்றத்தையே இழுத்து மூடிடுவேன்னு தாளாளர் சொல்லியிருக்காரு. நான் பாடுபட்டு வளர்த்த மன்றங்க அது! உங்களைச் சொல்லி என்ன, எல்லாம் என் தலையெழுத்து. போய் வெளிய உட்காருங்க.”

மேசையில் தாளாளருக்கென்று வாங்கி வைத்திருந்த பிரியாணிப் பொட்டலத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, கரியப்பன் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார். ரஞ்சிதாவுக்கு அழுகை முட்டியது.

சிறிது நேரத்தில் மூடிய கதவுக்கு அப்பால் தாளாளரின் இருமல் கேட்டது.

“ரஞ்சிதாம்மா! பேச வேற ஆள் எதுக்கு? இப்பக் கத்தினீங்களே, அதையே மேடையில போய்க் கத்துங்க. தப்பா வந்தாலும் நான் பார்த்துக்கறேன். அப்புறம், அந்தக் கலைஞர் பாவம், பசியோட வந்திருக்காரு. எனக்கு வாங்கி வெச்ச பிரியாணியைக் கொடுத்து அனுப்புங்க.”

“ச... சரிங்க சார்!”

கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். தாளாளரைக் காணோம். எப்போதும் அவசரம்தான் அவருக்கு! பிரியாணிப் பொட்டலத்தைக் கரியப்பன் கையில் திணித்துவிட்டு மேடைக்கு ஓடினாள்.

முதல் வரிக்கு நாக்கு ஒட்டத்தான் செய்தது. தாளாளரே சொல்லிவிட்டார், இனி என்ன பயம் என்று கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். திருட்டு மீன் துடுப்பைக் கடித்த இடத்தில் அரங்கமே கைதட்டியது. பிள்ளைகள் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கத்தினார்கள்.

பூரிப்போடு இறங்கி வந்தாள். எதிரே காரிலிருந்து இறங்கி, வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார் கோவிந்தப்பன்.

“மன்னிச்சுக்கோங்கம்மா! குருபரப்பள்ளி டிராஃபிக்லயே மாட்டிக்கிட்டேன், போன்லயும் சார்ஜ் இல்ல. இப்பத்தான் பள்ளிக்கூடத்துக்குள்ள காலே வெக்கிறேன். பசி உயிர் போகுது, என் பிரியாணி எங்க?”