நாலாயிரத்துப் பன்னிரண்டு கிலோ

இத்தாலியின் பிராத்தோ நகரில் எத்தனை கிலோ பழந்துணிக் கந்தல் மறுபடி நூற்கும் பஞ்சாகிறது என்று பார்த்துத்தான் லொரெடானா கம்பளி ஆலைகளின் மாத உற்பத்தியைக் கணக்கிடுவாள். அன்றும் வாஸ்கோவின் கந்தல் கிடங்கில்தான் தொடங்கினாள்.

"நாலாயிரத்துப் பன்னிரண்டு கிலோ. எழுதிக்குங்க, கணக்கம்மா."

இந்த மாதப் படிவத்தில் எழுதிக்கொண்டாள். வாஸ்கோ புது மூட்டையைப் பிரித்து ஒரு பச்சைக் கோட்டை உருவினார்.

"மூணு வாரமா கப்பல்ல கிடந்த சரக்கு. உங்க கோட்டு மாதிரியே இருக்கு பாருங்க."

தன் கோட்டுப் பையில் அவளே சிவப்பு நூலால் போட்டிருந்த கோணல் தையல் அதிலும் இருந்தது. அந்தக் கோட்டின் பைக்குள் அவளுடைய கையெழுத்தில் இதே மாதப் படிவம் இன்னொன்று இருந்தது. நாலாயிரத்துப் பன்னிரண்டு கிலோ என்று எழுதியிருந்தது. அடுத்துப் போகவேண்டிய பதினேழு ஆலைகளின் கட்டங்கள் காலியாகவே இருந்தன.

வாஸ்கோ பொத்தான்களை வெட்டத் தொடங்கினார்.

"இதையும் எடையில சேர்த்துக்கவா, கணக்கம்மா? உள்ள இன்னும் உடம்புச் சூடு ஆறல."