பயமில்லாத ஊர்

“கொலையா? அதெல்லாம் பழைய கதை சார்,” என்று முனிரத்தினம் சிரித்தார்.

அவர் பெண்டாட்டி தையல்நாயகி மோர்ச் சொம்பைக் கிணற்று மேட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

அவர்கள் நின்ற இடம் போன வருஷம் வரைக்கும் முனிரத்தினத்தின் நெல் விளைந்த நிலம். இப்போது நாலு மூலையிலும் கல் நட்டு மனையாகப் பிரித்தாகிவிட்டது. மின்சார ரயில் ஏறிப் பட்டணத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள், ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு கட்டலாமா என்று ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இன்றைக்கு வந்தவர் லாசரஸ். பாரிமுனையில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. கூடவே அவர் மனைவி ஹில்டா டீச்சரும், காலேஜில் சேர்ந்திருக்கும் மகள் ஞானஜோதியும்.

மனை பிடித்துவிட்டது. ஊர்தான் அவர்களுக்குத் தயக்கமாக இருந்தது.

கள்ளச்சாராயக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் வெட்டிச் சாய்த்த நாளில், ஏரிக்கரையில் பிணம் கிடந்த சேதியெல்லாம் தாம்பரம் வரைக்கும் எட்டியிருந்தது. பொழுது சாய்ந்தால் எந்தக் குதிரை வண்டிக்காரனும் இந்தப் பக்கம் வரமாட்டான் என்று லாசரஸ் கேள்விப்பட்டிருந்தார்.

“இப்போ இன்னா கீது சார்? கவுர்மெண்டே சாராயக் கடை தொறந்துட்ச்சு. எவன் எவனை வெட்டப் போறான்? பொங்கல் விழாவுல இன்ஸ்பெக்டரே மேடை ஏறிச் சொன்னாரு, போன வருசம் இந்த லிமிட்ல ஒரு கொலை கேஸ் கெடையாதுன்னு. ஊரே கை தட்டிச்சு.”

அது நிஜம். தையல்நாயகியும் அன்றைக்குப் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் தட்டினார்கள் என்று அவளும் தட்டினாள்.

ஜனங்களுக்குப் பயம் விட்டுப்போயிருந்ததும் நிஜம். இந்தச் சித்திரைப் புழுக்கத்தில் வாசலில் பாய் விரித்துப் படுத்தார்கள். டூரிங் டாக்கீஸில் படம் பார்த்துவிட்டுப் பெண்கள் தனியாகவே பேசிச் சிரித்துக்கொண்டு திரும்பினார்கள்.

ஹில்டா தையல்நாயகியின் பக்கம் வந்தாள்.

“அக்கா, நீங்க சொல்லுங்க. வயசுப் பொண்ணை வச்சிருக்கோம். காலேஜ் விட்டு அவ வர்றதுக்கே இருட்டிடும். பயமில்லாம இருக்கலாமா?”

“நல்லாக் கேளுங்க,” என்று முனிரத்தினம் ஒதுங்கி நின்றார். பெண்பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லிக் கொடுத்திருந்தார். முன்னால் வந்த குடும்பங்களுக்கும் அவள் அதைத்தான் சொன்னாள். அவர்கள் அஸ்திவாரம் போட்டாகிவிட்டது.

அவள் வாயைத் திறந்தாள்.

அப்போது ஞானஜோதி கிணற்றுக்குள் தலையை நீட்டித் தன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். கிணறு அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னது. “அம்மா, கேட்டியா!” என்று அந்தப் பெண் கைகொட்டிச் சிரித்தாள்.

தையல்நாயகி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்தாள். பிடித்த கையை விடவில்லை. அது கதகதவென்று இருந்தது.

“வெளியாளால இங்க ஒரு பயமும் இல்ல டீச்சரம்மா,” என்றாள். “பொண்ணு பெத்தவனுக்குப் பயந்து நடந்தாப் போதும்.”

லாசரஸ் சிரித்தார். “கட்டுப்பாடான ஊருன்னு சொல்றாங்க,” என்றார். முனிரத்தினமும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

ஹில்டா சிரிக்கவில்லை. தன் மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்த அந்த விரல்களையே பார்த்தாள்.

“உங்களுக்குப் பொண்ணு இருக்காளா அக்கா?”

இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். போன ஆடியிலிருந்து ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அவள் வீட்டில் ஒருத்தி பிறந்து, பத்தொன்பது வயது வரை வளர்ந்தாள் என்பதை யாரும் வாய்தவறிக்கூடச் சொல்வதில்லை.

“இருந்தா. குணசுந்தரின்னு பேரு. காலனிப் பையன் தயாளனைக் கட்டிக்கிறேன்னு நின்னா. இவரும் இவர் தம்பியும் இழுத்தாந்து இந்தக் கெணத்துலதான் போட்டாங்க. நான் பாத்துகினு நின்னேன். அவளே காலு வழுக்கி வுழுந்துட்டாள்னு இன்ஸ்பெக்டர்கிட்ட நானும்தான் சொன்னேன்.”



லாசரஸ் அந்தப் பிடியிலிருந்து மகளை இழுத்துக்கொண்டு ரோட்டைப் பார்க்க நடந்தார். ஓட்டமும் நடையுமாக ஹில்டாவும் பின்னால் போனாள். போய்வருகிறோம் என்றுகூடச் சொல்லவில்லை.

முனிரத்தினம் குரலை உயர்த்தவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“வூட்டுக்கு நட.”

வீடு ஏரிப் பக்கம் இருந்தது. தையல்நாயகி ரோட்டுப் பக்கம் திரும்பி, வந்தவர்கள் போன வழியில் நடந்தாள்.

அந்த ரோட்டில்தான் போலீஸ் ஸ்டேஷன். அங்கே இன்றைக்கும் அதே இன்ஸ்பெக்டர்தான். அது அவளுக்குத் தெரியும். போன ஆடியில் அவர் இவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அவள் கையால் காப்பி வாங்கிக் குடித்தவர்.

பின்னால் முனிரத்தினத்தின் செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. அவள் வேகமாகவும் நடக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

முன்னால், ரோட்டில் ஏறும் இடத்தில், புருஷன் கூப்பிடக் கூப்பிட ஹில்டா டீச்சர் இவள் பக்கம் திரும்பி நின்றுவிட்டாள்.