இரட்டை விசில்

மலையில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஜன்னல்களை அடைத்துக்கொண்டு எல்லோரும் போர்த்தி உட்கார்ந்திருந்த அந்தக் குளிரில், டிரைவர் அருணகிரிக்கு மட்டும் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. டிக்கெட் போட்டுவிட்டு முன்னால் வந்த கண்டக்டர் ஜெயசீலன் அதைப் பார்த்தான்.

"என்னண்ணே, இப்படி வேர்க்குது?"

"வாய்வுடா. காலையில தின்ன மொச்சை வேலையக் காட்டுது."

வாய்வு என்றவர் வயிற்றைத் தடவவில்லை. தாடையைத் தடவினார், பிறகு இடது தோளை. வளைவு வந்தபோது அந்தக் கை கியருக்குப் போய்ச் சேரவே இல்லை. பஸ் விளிம்புக் கல்லை உரசிக்கொண்டு திரும்பியது.

"ஓரமா நிறுத்துங்கண்ணே."

"கீழ போய் ஒரு சோடா குடிச்சா ஏப்பத்தோட போயிரும். நீ போய் உக்காரு."

பேச்சுக்கு மசிகிற ஆள் இல்லை அவர். ஆனால் ஒற்றை விசிலுக்கு நிற்கவும் இரட்டை விசிலுக்குக் கிளம்பவும் பழகிய கால் அவருடையது. அடுத்த வளைவுக்கு முன்னால், ஆளே இல்லாத இடத்தில், ஜெயசீலன் ஒற்றை விசில் அடித்தான்.

கால் தானாகப் பிரேக்கில் இறங்கியது. பஸ் நின்றது.

"இங்க ஸ்டாப்பே இல்லியேடா." அருணகிரிக்கு மூச்சு வாங்கியது. "யாரு எறங்குறது?"

"நீங்கதாண்ணே."

ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு ஜெயசீலன் நூற்றியெட்டுக்குப் போன் போட்டான். பின்சீட்டிலிருந்து யாரோ, "ரைட், போலாம்!" என்று கத்தினார்கள். அருணகிரி ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்திருந்தார். கால் மட்டும் பிரேக்கை விடாமல், இரட்டை விசிலுக்குக் காத்திருந்தது.