ஒரு செடி போனால் போகட்டும்

நாளைக் காலை லெனார்டை அழைத்துப்போக முதியோர் இல்லத்திலிருந்து கார் வந்துவிடும். அதற்குள் அவர் வாயிலிருந்து ஒரே ஒரு தடவை 'மாபெல்' என்று தன் பேர் வந்துவிட்டால் போதும் என்றிருந்தது மனைவிக்கு.

அதனால்தான் கைத்தாங்கலாக அவரை மதில் தோட்டத்துக்கு அழைத்து வந்திருந்தாள். தோட்டத்துக்குச் சொந்தக்காரர்களான பெரிய வீட்டுக்காரர்கள் என்றோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆயுள் முழுக்க அந்தச் செங்கல் மதிலுக்குள் தோட்டக்காரராகப் பாடுபட்டவர் இவர்தான். குளிர்காலம் பூராவும் கட்டிய மனைவியை 'நர்சம்மா' என்று கூப்பிட்ட மனிதர், தோட்டக் கதவைத் தாண்டியதும் நிமிர்ந்து நடந்தார்.

மதிலோடு சேர்த்துப் படர்த்திக் கட்டிய பேரிக்காய் மரம் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. கவிழ்த்து வைத்த மண்சாடியைத் தூக்கி, உள்ளே இருட்டில் வளரும் ருபார்ப் கீரையின் தண்டு சிவந்திருக்கிறதா என்று பார்த்தார். பார்த்துவிட்டுத் திருப்பிச் சரியாக மூடினார். மாபெலுக்கு நப்பாசை தலைதூக்கியது.

ப்ரிம்ரோஸ் பூச்செடிப் பாத்தியருகே மெதுவாக மண்டியிட்டார். பூத்து ஓய்ந்த ஒரு கொத்தை வேரோடு கிளப்பி, விரலாலேயே இரண்டாகப் பிரித்தார். ஈர மண்ணோடு பாதியை அவளிடம் நீட்டினார்.

"வச்சுக்கங்க. நன்றி மட்டும் சொல்லிடாதீங்க. சொன்னா செடி பட்டுப்போயிடும்."

மாபெல் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பக்கத்து ஊர்களில் செடி கொடுத்தால் யாரும் நன்றி சொல்வதில்லை. அது தெரியாத பட்டணத்துப் பெண்ணாக அவள் வந்த புதிதில், இதே பாத்தியில், இதே வார்த்தைகளைச் சொல்லித்தான் முதல் செடியைக் கொடுத்தார். வாயைத் திறக்கப் போனவளை மண் கையாலேயே பொத்திய ஆள்.

அதற்கப்புறம் மோதிரம், கவுன் என்று ஒன்றும் வாங்கித் தந்ததில்லை. பிறந்தநாளா, செடி. சண்டை போட்டுச் சமாதானமா, அதற்கும் செடி. வயிற்றில் குழந்தை தங்காமல் போன வருஷம் ஒரு கூடை நிறைய. ஒவ்வொரு தடவையும் வாய் வரை வந்த நன்றியை விழுங்கிக்கொண்டு ஓடிப்போய் நட்டாள். ஒன்றைக்கூடச் சாகவிட்டதில்லை.

"என்னைத் தெரியுதா, லென்?" என்று கேட்டாள்.

அவர் அவள் முகத்தை மரியாதையோடு பார்த்தார். மற்ற பாதி தன் வீட்டுக்காரிக்கு என்றார். இங்கேதான் எங்கேயாவது இருப்பாள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தங்கமான பொம்பளைதான். ஆனா இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட நன்றின்னு சொன்னதில்லைங்க. ஒரு செடி போனா போகட்டும்னு சொல்லியிருக்கலாம்."

 பைத்தியக்காரி, பைத்தியக்காரி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். செடியைக் காப்பாற்றிக் காப்பாற்றி என்ன கண்டாள்?

"நன்றி, லென்" என்றாள். "எல்லாத்துக்கும்."

அவர் பதறிப்போனார்.

"அடடா, சொல்லிட்டீங்களே."

இனி அது பிழைக்காது என்று வருத்தத்தோடு அவள் கையிலிருந்ததை வாங்கி ஓரமாகப் போட்டார். மற்ற பாதியை ஈரத் துணியில் சுற்றி, அவள் கைக்கு எட்டாமல் கோட்டின் உள்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இது மாபெலுக்கு" என்றார்.