இரண்டு படகுப் பந்தயம்

“கடல்னாலே எனக்குக் குமட்டுது. ஆனா நான் விலகினா மாமா படகு மட்டும்தான் மிஞ்சும். ஒத்தைப் படகுக்கு யாரு பந்தயம் வைப்பா? மனுஷன் உடைஞ்சு போயிடுவாரு.” அவளிடம் புலம்பியபடியே அவள் கணவன் தன் பையில் எலுமிச்சம்பழங்களைத் திணித்தான்.

ஒரு காலத்தில் இரண்டு அடிப்பாகங்களை இணைத்துக் கட்டிய பாய்மரப் படகுகள் கரை கொள்ளாமல் வந்து நின்ற நாலு நாள் நடுக்கடல் பந்தயம் அது. இப்போது மிச்சம் மாமனாரும் மருமகனும்தான்.

படகுத்துறையில் அவளுடைய அப்பா அவளைத் தனியே அழைத்தார். “முட்டி மடங்கவே மாட்டேங்குதும்மா. மாப்பிள்ளை ஆசையைக் கெடுப்பானேன்னுதான் போறேன். அவர்கிட்ட மூச்சு விடாதே.”

இரண்டு பாய்களும் கண்ணுக்கு மறைந்தன. தங்குவதற்காக அம்மாவின் வீட்டுக்குப் போனதும் அவள் சிரித்துச் சிரித்து எல்லாவற்றையும் அம்மாவிடம் கொட்டினாள்.

“ரெண்டு பேர்கிட்டயும் உண்மையைச் சொல்லிடலாம்மா. இந்தப் பந்தயத்தையே தலைமுழுகிடட்டும்.”

“சொன்னே, பல்லைத் தட்டிக் கையில கொடுத்துடுவேன்!” என்றாள் அம்மா. “போன வருஷமே நிறுத்திடறேன்னார் படகுச் சங்கச் செயலாளர். கையைக் காலைப் பிடிச்சு நடத்த வெச்சதே நான்தான்.”

“நீயா? எதுக்கு?”

மகளின் தலையணைக்கு அம்மா புது உறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“கல்யாணத்துக்கப்புறம் வேற எப்போடி நீ என்கூட நாலு நாள் சேர்ந்தாப்ல தங்கியிருக்கே?”